சிவப்பு, வெள்ளை, நீலம்: போத்திக்கறதுக்கு ஒரு குவில்ட்

குவில்ட்னா சின்னச் சின்னத் துணித் துண்டுகளை சேத்து தைச்சு, நடுவுல பஞ்சு வெச்சு, பின்னாடி ஒரு துணியோட சேத்து தைக்கற போர்வை. "அக்கா, அமெரிக்க சுதந்திர தினம் ஜூலை 4 வருது, நானும் ஒரு தேசபக்தி குவில்ட் தைக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பி கேக்கற முதல் கேள்வி, யாருக்குன்னு தான். சுவத்துல மாட்டவா, சோபா மேல மடிச்சு வெச்சு அழகு பாக்கவா, இல்ல ஒருத்தர் நிஜமாவே போத்திக்கிட்டு தூங்கப் போறாரா? இதுக்கு பதில் மாறுச்சுன்னா துணி, சைஸ், டிசைன், உள்ள வெக்கற பஞ்சு எல்லாமே மாறும். நான் தைக்கறது பெரும்பாலும் மூணாவது வகை. அதனால இங்க எழுதறது எல்லாம் போத்திக்கற குவில்ட்டுக்கு தான், கண்காட்சிக்கு தைக்கறவங்களுக்கு இதுல பாதி ஒத்து வராது.

நாங்க இருக்கறது ஒஹாயோல டேட்டன் பக்கம். ரைட் பேட்டர்சன் ஏர்ஃபோர்ஸ் பேஸ் இங்க தான் இருக்கு, அதனால தெருவுக்கு ரெண்டு வீட்லயாவது மிலிட்டரில இருந்தவங்க இருப்பாங்க, மளிகைக் கடைல முன்னாடி நிக்கற தாத்தா தொப்பில வியட்நாம் வெட்டரன்னு, அதாவது வியட்நாம் போர்ல இருந்த முன்னாள் வீரர்னு எழுதியிருக்கும். ஊர்ல அம்மா வீட்ல பாவாடை, ஜாக்கெட்டு தைக்க கத்துக்கிட்ட கை, இங்க வந்து சும்மா இருக்க முடியாம லைப்ரரில வாரம் ஒரு தடவ கூடற குவில்ட் குரூப்புல போய் உக்காந்தேன், அங்க முக்காவாசி பேர் எழுபது வயசுக்கு மேல. அவங்க டேபிள்ல எப்பவும் சிவப்பு, நீலம், வெள்ளை துணி தான் கிடக்கும், ஏன்னு கேட்டப்ப தான் படைல இருந்தவங்களுக்கு குவில்ட் தைச்சுக் குடுக்கற குவில்ட்ஸ் ஆஃப் வேலர்ங்கற அமைப்பு பத்தி சொன்னாங்க.

அந்த அமைப்பை 2003ல ஆரம்பிச்சது டெலவேர்ல இருந்த கேத்தரின் ராபர்ட்ஸ்ங்கற அம்மா. அவங்க பையன் அப்போ ஈராக்ல. ஒரு நாள் ராத்திரி ஒரு கனவு மாதிரி, ஒரு வாலிபப் பையன் நடுராத்திரில கட்டில் ஓரத்துல குனிஞ்சு உக்காந்திருக்கான், அவன் மனசுல போர் இன்னும் ஓடிட்டே இருக்கு, அடுத்த காட்சில அவன் மேல ஒரு குவில்ட் சுத்தியிருக்கு, முகமே மாறிடுச்சு. அதுலேர்ந்து தான் எல்லாம். அதே வருஷம் நவம்பர்ல வால்டர் ரீட் மிலிட்டரி ஆஸ்பத்திரில, ஈராக்ல காலை இழந்த ஒரு வீரருக்கு முதல் குவில்ட் குடுத்தாங்க. அதுக்கப்புறம் நாடு முழுக்க லட்சக்கணக்குல போயிருக்கு, தைக்கறவங்க எல்லாம் வாலண்டியர்ஸ், துணி அவங்கவங்க கைக்காசு.

இந்த பழக்கம் 2003ல புதுசா முளைச்சதும் இல்ல. 1861ல உள்நாட்டுப் போர் தொடங்கின வருஷமே பீட்டர்சன்ஸ் மேகஸின்ங்கற பெண்கள் பத்திரிகைல கலர்ல ஒரு தேசபக்தி குவில்ட் டிசைன் போட்டாங்க, அப்போ கொடில 34 ஸ்டார். முதல் உலகப்போர் டைம்ல கம்பளி எல்லாம் போர்ல இருக்கற பசங்களுக்கு அனுப்பணும், வீட்ல இருக்கறவங்க குவில்ட் தைச்சு போத்திக்கங்கன்னு சொல்லியிருக்காங்க. 1976ல 200வது சுதந்திர ஆண்டுக்கு ஊர் ஊரா பெண்கள் கூடி தைச்சதுல தான், அழிஞ்சுட்டு வந்த குவில்ட் கலையே திரும்ப நிமிர்ந்துச்சுன்னு எங்க குரூப் பாட்டிங்க சொல்வாங்க.

சொந்தக்காரங்க சிலர் கேட்டாங்க, நம்ம நாட்டுக் கொடி கூட இல்லையே உனக்கெதுக்கு இந்த வேலைன்னு. எனக்கு அப்படி தோணவே இல்ல. என் பசங்க இந்த ஊர் ஸ்கூல்ல படிச்சாங்க, பனில கார் மாட்டிக்கிட்டப்ப ஷவல் எடுத்துட்டு ஓடி வந்தது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார்ஜென்ட். அவருக்கு போத்திக்க ஒண்ணு தைக்கறதுக்கு நான் எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கேன்னு யாரும் பாக்கப் போறதில்ல.

சரி விஷயத்துக்கு வரேன். முதல்ல கொடி. புதுசா வர்ற எல்லாரும் பெருசா அமெரிக்கக் கொடியே குவில்ட்டா தைக்கலாம்னு தான் நினைப்பாங்க, 13 கோடு, 50 ஸ்டார், அப்படியே. வேண்டாம்னு தான் சொல்வேன். இங்க ஃப்ளாக் கோடுன்னு ஒரு சட்டம் இருக்கு, கொடியை உடுப்பாவோ, படுக்கை விரிப்பாவோ, திரைச்சீலையாவோ பயன்படுத்தக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. மீறினா யாரும் பிடிச்சுட்டு போகப் போறதில்ல, கொடி மாதிரி தைச்ச குவில்ட் கொடியே ஆகுமான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஆனா நாம குடுக்கப் போறது யாருக்கு? கொடியை முக்கோணமா மடிக்கறதுலேர்ந்து தரைல படாம இறக்கறது வரைக்கும் கையால பழகினவங்க. அவங்ககிட்ட முழுக் கொடி மாதிரி ஒரு போர்வை குடுத்தா அத போத்திக்கிட்டு கால் நீட்டிப் படுக்க அவங்களுக்கே மனசு வராது, பீரோல போய் உக்காந்துரும். ஸ்டார் தனியா வரட்டும், கோடு தனியா வரட்டும், அந்த மூணு கலர் இருந்தாலே போதும், சொல்ல வந்தது சொல்லிரும். நிஜக் கொடியை வெட்டி பீஸ் போடறது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கலர்ல எனக்கு பளிச்னு இருக்கற சிவப்பு, வெள்ளை பிடிக்காது. செங்கல் சிவப்பு, க்ரீம், நேவி ப்ளூ, இந்த மூணும் சேர்ந்தா கண்ணுக்கு இதமா இருக்கும், காப்பி சிந்தினாலும் க்ரீம்ல அவ்வளவா தெரியாது. ஒரே சிவப்புல எல்லாம் வெட்டாம நாலஞ்சு சிவப்பு கலந்து போட்டா இன்னும் உயிரா இருக்கும்.

இப்போ சாயம். இந்த மூணு கலர் குவில்ட்டுல நிஜமான எதிரின்னா அந்த சிவப்பு தான், அடுத்தது நேவி. எங்க குரூப்ல ஒருத்தர் மாசக்கணக்கா தைச்ச குவில்ட், வாங்கினவர் வீட்ல முதல் வாஷ்லயே வெள்ளை எல்லாம் ரோஸ் கலர். நம்ம சுங்குடி சேலை முதல் தண்ணில விடற மாதிரி தான் விடும் சில சிவப்பு, கடைல எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் சரி. அதனால சிவப்பும் நேவியும் வெட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. ஓரத்துல சின்னத் துண்டு வெட்டி, நல்லா நனைச்சு, வெள்ளை பேப்பர் டவல் மேல வெச்சு சூடா அயர்ன் பண்ணுங்க. பேப்பர்ல கலர் ஏறினா அந்தத் துணி கண்டிப்பா விடும். அப்படி விட்டா தனியா சூடு தண்ணில அலசி அலசி, தண்ணி தெளியற வரைக்கும் விடாதீங்க, தெளியவே இல்லன்னா அந்தத் துணியை இந்த வேலைக்கு எடுக்காதீங்க.

அம்மா சொல்லிக் குடுத்த கல் உப்பு வைத்தியம் எனக்கும் தெரியும், புதுத் துணிய உப்புத் தண்ணில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு. இங்கயும் பாட்டிங்க வினிகர் ஊத்துன்னு சொல்வாங்க. கடைல ரெடியா வர்ற காட்டன் துணிக்கு ரெண்டும் வேலை செய்யாது. உப்பு சாயப் பட்டறைல சாயம் ஏத்தற நேரத்துல தான் உதவும், அப்புறம் மிஞ்சி நிக்கற சாயத்தை கழுவி எடுக்கறது ஒண்ணு தான் வழி. தைச்சு முடிச்ச குவில்ட்டை, தண்ணில விட்ட சாயத்தைப் பிடிச்சுக்கற கலர் கேச்சர் ஷீட் நாலஞ்சு போட்டு நானே ஒரு தடவ துவைச்சுட்டு தான் குடுப்பேன், ஷீட் வெள்ளையாவே வெளில வந்தா அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்குவேன்.

அப்படியும் எங்கயாவது சாயம் ஒட்டிருச்சுன்னா ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க, ட்ரையர்ல போடாதீங்க. சூட்டுல காஞ்சா கறை ஊறிப் போயிரும். ஈரம் காயறதுக்குள்ள பாத்டப் நிறைய சூடு தண்ணி, கொஞ்சம் கலர் இல்லாத பாத்திரம் கழுவற லிக்விட், அதுல குவில்ட்டை முழுசா மூழ்க வெச்சு ராத்திரி பூரா விடுங்க, தண்ணி கலராச்சுன்னா மாத்திட்டு திரும்ப ஊற வைங்க. அந்த ரோஸ் ஆன குவில்ட்டையும் குரூப்ல எல்லாரும் சேந்து இப்படித் தான் வெளுக்க வெச்சாங்க, முக்காவாசி போயிருச்சு.

டிசைன்ல முதல் தடவ தைக்கறவங்களுக்கு நான் சொல்றது ரெயில் ஃபென்ஸ். முக்கோணம் இல்ல, கிராஸ் பீஸ் இல்ல, எல்லாம் நேர் தையல். சிவப்பு, க்ரீம், நீலம் மூணுத்துலயும் ரெண்டரை இஞ்ச் பட்டி வெட்டி, நீளவாக்குல சேத்து தைச்சு, அத ஆறரை இஞ்ச் சதுரமா வெட்டிட்டே வரணும், அந்த ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக். சேத்து தைச்சப்புறம் ஒரு பிளாக் ஆறு இஞ்ச் தான் நிக்கும். ஒரு பிளாக் படுக்க, ஒண்ணு நிமிர, மாத்தி மாத்தி அடுக்கினா கலரெல்லாம் கோணலா படிப்படியா ஏறிப் போகும், பாக்கறவங்க ரொம்ப கஷ்டமான வேலைன்னு நினைப்பாங்க. அகலத்துல 10, நீளத்துல 12, மொத்தம் 120 பிளாக் போட்டா 60க்கு 72 இஞ்ச் வரும், சுத்தி 4 இஞ்ச் பார்டர் வெச்சா 68க்கு 80. குவில்ட்ஸ் ஆஃப் வேலர்ல குறைஞ்சது 55க்கு 65, அதிகபட்சம் 72க்கு 90ன்னு அளவு வெச்சிருக்காங்க, அதுக்குள்ள அழகா அடங்கும். ஆறடி ஆள் சேர்ல சாஞ்சு கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இழுத்துப் போத்தலாம், அந்த அளவுக்குக் காரணமே அது தான்.

துணிக் கணக்கு, 42 இஞ்ச் அகலத்துக்கு சொல்றேன். யார்டுன்னா 36 இஞ்ச். மூணு கலர்லயும் ஒன்றரை ஒன்றரை யார்டு, பார்டருக்கு ஒரு யார்டு, ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைக்கற பைண்டிங்குக்கு கிட்டத்தட்ட முக்கால் யார்டு எடுத்தா கொஞ்சம் மிஞ்சும். பின்பக்கத்துக்கு அஞ்சு யார்டு, நடுவுல ஒரு ஜாயின்ட் வரும், 108 இஞ்ச் அகலத் துணி கிடைச்சா ரெண்டேகால் யார்டு போதும், ஜாயின்ட்டும் இல்ல. ஆக சாதா அகலம்னா 11 யார்டுக்கு மேல போகுது, நல்ல குவில்ட்டிங் காட்டன் யார்டு 12 டாலர்னு வெச்சாலும் கணக்கு போட்டுக்கங்க. ஜோஆன்ங்கற பெரிய துணிக் கடை எல்லாம் 2025ல மூடினதுக்கு அப்புறம் துணிய தொட்டுப் பாத்து வாங்கறதுக்கு ஊர்ல இருக்கற சின்ன குவில்ட் கடை தான் பல பேருக்கு மிச்சம், அங்க போங்க, ஜூலை 4 முடிஞ்ச வாரம் இந்த மூணு கலர் பிரிண்ட் எல்லாம் தள்ளுபடில போடுவாங்க, அடுத்த வருஷத்துக்கு அப்பவே எடுத்து வெச்சுக்கலாம்.

நம்ம ஊர் தையல் கைக்கு இங்க ஒண்ணு மட்டும் மாத்திக்கணும். ஜாக்கெட்டுல உள்ள துணி விடற மாதிரி தாராளமா விடக் கூடாது, குவில்ட்டுக்கு கால் இஞ்ச், அதுவும் ஒரு நூல் கம்மியா. ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, ஒரு தையல்ல பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் கூட பிடிச்சா ரெண்டு பக்கத் துணியும் சேந்து எட்டுல ஒரு பங்கு போச்சு, மூணு பட்டிக்கு ரெண்டு தையல், ஆக கால் இஞ்ச் போச்சு. ஆறரை வர வேண்டியது ஆறேகால். இப்போ அந்த பிளாக்கை படுக்க வெச்சு பக்கத்துல நிமிர்ந்த பிளாக்கோட சேக்கும்போது ஒண்ணு ஆறரை, ஒண்ணு ஆறேகால், எப்படி இழுத்தாலும் ஒட்டாது. அதனால முதல்ல ஒரே ஒரு செட் மட்டும் தைங்க, அயர்ன் பண்ணுங்க, ஸ்கேல் வெச்சு அளங்க, கரெக்டா ஆறரை இருந்தா தான் மிச்சத்த தைங்க. அயர்ன் பண்றப்ப தையல் விளிம்பு சிவப்பு பக்கமும் நீலம் பக்கமும் சாயணும், க்ரீம் பக்கம் சாஞ்சா மேலேர்ந்து பாக்க கறுப்புக் கோடு மாதிரி தெரியும். பெட்டிய தேய்க்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க, தேய்ச்சா பட்டி வில்லு மாதிரி வளையும். பார்டருக்கு அளவு குவில்ட்டோட ஓரத்துல எடுக்காதீங்க, நடுவுல எடுங்க, ஓரம் எப்பவும் கொஞ்சம் இழுபட்டு இருக்கும், அத நம்பி வெட்டினா பார்டர் அலை அடிக்கும்.

உள்ள வெக்கற பஞ்சுக்கு பேட்டிங்னு பேர், 80க்கு 20 காட்டன் பாலியஸ்டர் கலவை எனக்குப் பிடிச்சது. துவைச்சா லேசா சுருங்கி பழைய குவில்ட் மாதிரி சுருக்கம் குடுக்கும், கனமும் இல்ல. ட்வின் சைஸ் பாக்கெட் வாங்கிராதீங்க, பலதும் 72 இஞ்ச் அகலம் தான் வரும், மூணு அடுக்கையும் சேத்து தைக்கற பெரிய லாங்ஆர்ம் மிஷின்ல மாட்ட நமக்கு ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் கூட வேணும், அதாவது 76க்கு 88, அதனால குயின் சைஸ். லாங்ஆர்ம் வெச்சிருக்கறவங்க சதுர இஞ்ச் கணக்குல தான் சார்ஜ் பண்ணுவாங்க, 2 சென்ட்னா இந்த குவில்ட்டுக்கு 109 டாலர் கிட்ட ஆகும். குவில்ட்ஸ் ஆஃப் வேலருக்கு தைக்கறதா இருந்தா சும்மாவே போட்டுத் தர்ற வாலண்டியர்ஸ் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. டிசைன் ரொம்ப நெருக்கமா போடச் சொல்லாதீங்க, குவில்ட் அட்டை மாதிரி விறைச்சுக்கும், உடம்புல படியாது.

பக்கத்து வீட்டு சார்ஜென்ட் தாத்தா வியட்நாம்ல இருந்தவர், அத பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. மார்ச் 29 வியட்நாம் வெட்டரன்ஸ் டே, அன்னிக்கு நானும் என் வீட்டுக்காரரும் அவருக்குத் தைச்ச குவில்ட்டை கொண்டு போய் தோள்ல போட்டுட்டு "வெல்கம் ஹோம்"னு சொன்னோம். வியட்நாம்லேர்ந்து திரும்பினவங்களுக்கு அப்போ வரவேற்பே கிடைக்கல, அதனால அந்த ரெண்டு வார்த்தைய சொல்லணும்னு குரூப்ல சொல்லியிருந்தாங்க. அவர் கொஞ்ச நேரம் பைண்டிங் மூலைய கட்டை விரலால தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, இத வாஷிங் மிஷின்ல போடலாமா, நாய் மேல ஏறிப் படுக்குமேன்னு. போடுங்க, நாய் படுக்கட்டும், கிழிஞ்சா சொல்லுங்க நான் தைச்சுத் தரேன்னு சொன்னேன். இப்போ அவர் சாய்வு சேர்ல தினமும் அது தான் கிடக்குது, நாய் முடியோட. எனக்கு அதப் பாக்க அவ்வளவு சந்தோஷம்.

பரிசா குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க எதுல இருந்தாங்கன்னு விசாரிச்சுக்கங்க. ஆர்மி, நேவி, மரீன், ஏர்ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு, 2019லேர்ந்து ஸ்பேஸ் ஃபோர்ஸ், எல்லாம் தனித் தனி, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பெருமை. மரீன்ல இருந்தவரை சோல்ஜர்னு கூப்பிட்டா மூஞ்சி மாறும். யாருக்குப் போகும்னு தெரியாத குவில்ட்டுல எந்தப் படையோட முத்திரை போட்ட துணியும் வேண்டாம். துப்பாக்கி, டேங்க், ஹெல்மெட் பிரிண்ட் நான் தொடவே மாட்டேன், எதை மறக்கப் பாக்கறாங்களோ அத போத்தச் சொல்றது சரியில்ல.

இன்னொரு குவில்ட், நம்ம பையன் ஒருத்தனுக்கு. திருநெல்வேலிப் பக்கம், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன், மாவ்னின்னு ஒரு திட்டம் இருந்துச்சே, 2008ல அறிவிச்சு 2016ல புது ஆள் எடுக்கறது நின்னு போச்சு, குறிப்பிட்ட சில மொழி தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்க ராணுவத்துல சேரலாம், அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. அதுல ஆர்மில சேந்தான். அவன் வெளில வந்தப்ப ரெயில் ஃபென்ஸ்ல ஒண்ணு தைச்சேன், இது அமைப்பு மூலமா போனது இல்ல, எங்க சொந்தப் பரிசு. குவில்ட் ஆஃப் வேலர்ங்கறது பதிவு பண்ணின பேர், அவங்க அளவு, லேபிள், பதிவு, முறைப்படி குடுக்கறது எல்லாம் இருந்தா தான் அந்தப் பேர் எழுதலாம், அதனால நாங்க அந்தப் பேரை போடல. லேபிளை அந்தப் பையனோட அம்மா தான் எழுதினாங்க, ஊர்லேர்ந்து அப்போ வந்திருந்தாங்க. க்ரீம் துணிக்குப் பின்னாடி ஃப்ரீசர் பேப்பரோட பளபளப்புப் பக்கம் வெச்சு அயர்ன் பண்ணினா துணி அட்டை மாதிரி நிக்கும், பேனா இழுக்காது. அழியாத இங்க் பேனால அவன் பேர் தமிழ்ல, ரேங்க், யார் தைச்சது, எந்த ஊர், எந்த வருஷம். அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தி எழுதினாங்க, எழுதி முடிச்சதும் அதுமேல சூடு பெட்டி வெச்சு நல்லா அழுத்தினோம், இங்க் பிடிச்சுக்கட்டும்னு.

லேபிள் இல்லாம எதுவும் குடுக்காதீங்க. இருபது வருஷம் கழிச்சு பேரப்பிள்ளை கைல போகும், அப்போ யாருக்கு யார் எதுக்காக தைச்சாங்கன்னு துணி தான் சொல்லணும். முடிஞ்சா லாங்ஆர்ம்க்கு அனுப்பறதுக்கு முன்னாடியே பின்பக்கத் துணில லேபிளை தைச்சுருங்க, குவில்ட்டிங் தையல் அதுமேலயும் ஓடிரும், யாரும் பிரிச்சு எடுக்க முடியாது.

குடுக்கும்போது அதே துணில ஒரு தலகாணி உறை தைச்சு குவில்ட்டை அதுக்குள்ள வெச்சுக் குடுங்க, கூடவே ஒரு சின்ன அட்டை, ஆறின தண்ணில துவைக்கலாம், ட்ரையர்ல கம்மி சூடு, முதல் ரெண்டு மூணு தடவ கலர் கேச்சர் போடுங்கன்னு எழுதி, ரெண்டு ஷீட்டும் சேத்து வெச்சுருங்க. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டேக்கு குடுக்கணும்னா ஆகஸ்ட் கடைசிக்குள்ள டாப், அதாவது மேல்பக்கத்தை, முடிச்சுருங்க, செப்டம்பர்லேர்ந்து லாங்ஆர்ம்காரங்ககிட்ட கிறிஸ்மஸ் ஆர்டர் வரிசை கட்டும், அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் தேதி கிடைக்காது. பைண்டிங்க கைத் தையல்ல முடிக்கறவங்க அதுக்கு தனியா ரெண்டு வாரம் ஒதுக்கிக்கங்க, சாயங்காலம் டிவி பாத்துக்கிட்டே உக்காந்து தைச்சா ஓடிரும்.